சொல்லாமல் விட்ட நோய்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிப் பாட்டும் உரையும் வளர்த்து வரும் இவ்வவையில், அதுவும் விழா நாளில், நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்னும் மரபை அறியாதவள் அல்லேன். ஆயினும் இவ்வட்டத்தில் அண்மை ஆண்டுகளில் படிக்கப்பெற்ற கவிதைகளை நினைத்துப் பார்க்கிறேன். பாட்டி வருகிறாள், பாட்டன் வருகிறார், திண்ணையும் முற்றமும் தூணும் ஊஞ்சலும் வருகின்றன. முன்னோர் உண்டதைப் பாடியிருக்கிறோம், உழுததைப் பாடியிருக்கிறோம், அவர்கள் எதனால் மாண்டார்கள் என்பதை மட்டும் பாடவில்லை. நூறாண்டுகளுக்கு முன் நம் வீடுகள் பலவற்றில் இளையோரை வரிசையாகக் கொண்டு சென்ற நோய் காசநோய். அது வீட்டுக்குள் என்ன செய்தது, வீடு அதை எப்படி மறைத்தது, மறைத்ததன் விளைவு என்ன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். தமிழாசிரியைக்கு அங்கிருந்து தொடங்குவதுதான் எளிது. சயம், சயரோகம், ஈளை, காசம், எலும்புருக்கி என்று இந்நோய்க்குப் பல பெயர்கள் வழங்கின. சயம் என்பதற்குத் தேய்வு என்று பொருள். காசம் என்பது இருமலைக் குறிக்கும் வடசொல். எலும்புருக்கி நம் சொந்தச் சொல். பார்த்தவன் வைத்த பெயர் என்பது கேட்டவுடன் தெரிகிறது. ஆனால் இவற்றுள் எதையும் நோயாளி இருந்த வீட்டில் எவரும் சொன்னதில்லை. வீட்டுக்குள் வழங்கிய பெயர்கள் வேறு. 'மேலுக்குச் சுகமில்லை', 'பழைய இருமல்', 'சூட்டு உடம்பு', 'உள்காய்ச்சல்', பெண்ணாக இருந்தால் 'பிள்ளை பெற்ற இளைப்பு'. ஆங்கில மருத்துவம் பரவிய பிறகு 'டி.பி.' என்று சுருங்கிய பெயர் ஒன்று வந்தது. அதையும் உரக்கச் சொன்னவர் இல்லை. காசநோய் என்றால் காசைக் கரைக்கும் நோய் என்று எங்கள் ஊர் முதியவர் ஒருவர் விளக்கம் தருவார். சொல்லிலக்கணப்படி அது பிழை. ஆனால் அந்நோய் புகுந்த வீடுகளின் அடகுச் சீட்டுகளைப் பார்த்தவர்கள் அதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள்.

நம் கவிதை மரபுக்கும் இந்த மறைப்புக்கும் ஓர் உறவு உண்டென்று எனக்குத் தோன்றுவதுண்டு. அகத்திணையில் உடல் மெலிதல் அழகிய செய்தி. பசலை படர்வதையும் உணவு குறைவதையும் உடல் சுருங்குவதையும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் காதலின் குறிகளாகக் கொள்கிறது. மகள் மெலிவதைக் கண்டு தாய் வேலனை அழைக்கிறாள். அவன் வெறியாடி, இது முருகன் செயல் என்கிறான். உண்மைக் காரணம் தோழிக்குத் தெரியும்; படிக்கின்ற நமக்கும் தெரியும்; எனவே தாயின் அறியாமை நமக்கு நகை தருகிறது. பிற்கால வீடுகளில் இதே நாடகம் தலைகீழாக நடந்தது. மாலையில் காய்ச்சலும் இரவில் வியர்வையுமாக மெலிந்து வந்த பெண்ணைக் கண்டு, காற்றுச் சேட்டை என்றார்கள், கண்ணேறு என்றார்கள், எவனையோ மனத்தில் வைத்து உருகுகிறாள் என்று ஐயுற்றவர்களும் இருந்தார்கள். அங்கே உண்மை அறிந்த தோழி ஒருத்தியும் இல்லை. சங்கப் பாடல்களில் காசநோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆய்வு மாணவர் எவரேனும் அத்தலைப்பைப் பதிவு செய்துவிடுவாரோ என்னும் அச்சத்தால் இதைத் தெளிவுபடுத்துகிறேன். மெலிவைக் காதலாகவும் தெய்வமாகவும் படிக்கப் பழகிய மொழியில், மெலிவை நோயாகப் படிப்பதற்கு நாள் பிடித்தது என்பதே நான் சொல்ல வருவது.

புராணம் இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. தக்கனின் இருபத்தேழு பெண்களை மணந்த சந்திரன், உரோகிணி ஒருத்தியிடமே பற்று வைத்தான். மற்றவர்கள் தந்தையிடம் முறையிட்டார்கள். தக்கன் சயநோய் பெறுமாறு சபித்தான். சந்திரன் நாள்தோறும் தேய்ந்தான். சிவனருளால் வளரவும் தேயவும் வரம் பெற்றான் என்று கதை முடிகிறது. அழகான கதைதான். ஆனால் நோய்க்கு நோயாளியின் ஒழுக்கமே காரணம் என்னும் கருத்து அதற்குள் இருக்கிறது. ஒரு வீட்டில் இளைஞன் இரத்தம் கக்கினால், அவன் எங்கோ கெட்டு அலைந்தான் என்று ஊர் பேசியது. மருமகள் இருமினால், அவள் கொண்டு வந்த தோஷம் என்று வீடு பேசியது. நோயுற்றவர் முதலில் குற்றவாளியாகி, அதன் பிறகே நோயாளியானார்.

அடுத்து, பரம்பரை நோய் என்ற நம்பிக்கை. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இராபர்ட் காக் பெர்லினில் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். அதற்கு முன் ஐரோப்பியர்களில் பலரும் இதைக் குருதியில் வரும் நோயாகவே கருதினர். நம் வீடுகளில் அக்கருத்து 1882க்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. அவர்களைக் குறை சொல்ல இயலாது. கண்ணால் கண்டதை வைத்துத்தானே அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். தந்தைக்கு இருந்தது, மகனுக்கு வந்தது, பேத்திக்கும் வந்தது என்றால் வேறு என்ன நினைப்பார்கள்?

உண்மையில் நடந்தது வேறு. நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன. அருகில் இருப்பவர் அவற்றை மூச்சோடு இழுக்கிறார். கிருமி உட்சென்ற அனைவரும் நோயுறுவதில்லை. ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கே வாழ்நாளில் அது நோயாக வெளிப்படுகிறது. மற்றவர்களிடம் உறங்கிக் கிடக்கிறது. முப்பதாண்டு, நாற்பதாண்டு உறங்கிவிட்டு, உணவு குறைந்த காலத்திலோ பேறுகாலத்தை அடுத்தோ முதுமையிலோ விழித்துக்கொள்வதும் உண்டு. இளமையில் தமையனிடமிருந்து கிருமியைப் பெற்ற ஒருவர், அறுபது வயதில் 'பழைய இருமல்' என்று திண்ணையில் அமர்ந்திருப்பார். பேரக்குழந்தை அவர் மடியில்தான் விளையாடும். குழந்தைக்குக் கழுத்தில் கட்டி தோன்றும். அதைக் கண்டமாலை என்பார்கள். அல்லது மூளைக்காய்ச்சல் வந்து சில நாள்களில் முடிந்துவிடும். தாத்தாவின் இருமலையும் பேத்தியின் கழுத்துக் கட்டியையும் ஒரே நோயின் இரண்டு முகங்களாகப் பார்க்க எவருக்கும் தெரியவில்லை. அன்பு மிகுந்த மடியே நோய் தரும் மடியாக இருந்தது என்பதைச் சொல்லும்போது எனக்கே நாக் கூசுகிறது.

வீட்டுக்குள் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நோயாளிக்குத் தனித்தட்டு, தனிக்குவளை, தனிப்பாய். இந்த ஏற்பாட்டை நம் வீடுகள் மருத்துவரிடமிருந்து கற்கவில்லை. மாதவிலக்கான பெண்ணுக்கும், கூலிக்கு வந்த உழவனுக்கும் பாத்திரம் ஒதுக்கத் தெரிந்த வீட்டுக்கு இன்னொரு தட்டை ஒதுக்குவது புதிய வேலையன்று. இந்நோய் தட்டினால் பரவுவதில்லை, காற்றினால் பரவுவது. ஆனால் தட்டை ஒதுக்கிய அதே கை, நோயாளியைக் கொல்லைப்புறத்து இருட்டறையில் கிடத்திச் சன்னலையும் சாத்தியது. குளிர்காற்றுப் படக்கூடாது என்பது ஒரு காரணம். தெருவில் போகிறவர் காதில் இருமல் விழக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். வெயிலும் காற்றோட்டமுமே கிருமியின் செறிவைக் குறைப்பவை. அவ்விரண்டையும் அடைத்துவிட்டு, அந்த அறைக்குள் இரவும் பகலும் கஞ்சியும் கழுநீர்ச் சட்டியுமாகப் போய் வந்தவள் யார்? மனைவி, இல்லையேல் தாய், இல்லையேல் வீட்டோடு இருந்த கைம்பெண். அடுத்து அவள் இருமினாள். அவளுக்குப் பிறகு அவள் இடுப்பில் இருந்த குழந்தை.

மனைவியே நோயாளியானால் வழக்கம் மாறியது. 'உடம்பு தேறி வரட்டும்' என்று பிறந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். வண்டியில் ஏறும்போதே அவளுக்குத் தெரியும், திரும்பி வரப்போவதில்லை என்று. பிறந்த வீட்டில் தாய் பார்த்துக்கொள்வாள். அங்கே மணமாகாத தங்கைகள் இருப்பார்கள். நோய் இவ்வாறு சீர்வரிசை போலவே இரண்டு குடும்பங்களுக்கிடையே போய் வந்தது.

மருந்து என்ன இருந்தது? ஆடாதோடைக் கசாயம், தூதுவளை, ஆட்டுப்பால், இலேகியங்கள். ஆங்கில மருத்துவரிடம் போனவர்களுக்கு மீனெண்ணெய், முட்டை, பால், ஓய்வு. மீனெண்ணெய்ப் புட்டியை வீட்டுக்குள் கொண்டு வரலாமா என்று மரக்கறி உண்ணும் குடும்பங்கள் தவித்தன. ஏழைகளுக்கு அந்தத் தவிப்பும் இல்லை. எண்ணெய் வாங்கக் காசு இல்லை. ஓய்வு என்ற மருந்துதான் எல்லாவற்றிலும் விலை மிகுந்தது. நாற்று நடுகிறவளும் ஆலையில் நூல் இழுக்கிறவனும் எங்கே போய் ஓய்வு வாங்குவார்கள்?

இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர் மிகக் குறைவு. இறப்பைப் பதிவு செய்த கிராம அதிகாரியின் ஏட்டில் பெரும்பாலான சாவுகள் 'காய்ச்சல்' என்ற ஒரே சொல்லில் அடங்கின. குடும்பங்களின் வமிசாவளியிலோ அந்தச் சொல்லும் இல்லை. என் பெரியப்பா ஓய்வு பெற்றபின் எங்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறை வமிசாவளியை அழகிய கையெழுத்தில் எழுதினார். அதில் என் பாட்டனாரின் உடன்பிறந்தோர் வரிசையில் 'பெண், இளவயதில் தவறியது' என்று இரண்டு இடங்களிலும், 'ஆண், சந்ததி இல்லை' என்று ஓரிடத்திலும் இருந்தது. பெயர்கள் இல்லை. எண்பது கடந்த என் அத்தையிடம் கேட்டேன். முதலில் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அதெல்லாம் இப்ப என்னாத்துக்கும்மா கிளறுற? நம்ம வீட்டுலயும் கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணுங்க இருக்குல்ல." இறந்தவர்கள் மண்ணாகி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நோயைக் குணப்படுத்தும் மருந்து வந்தும் அரை நூற்றாண்டு கடந்திருந்தது. ஆனாலும் என் அத்தை கதவைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மூன்று பெயர்களையும் சொன்னார். ஒன்பது ஆண்டுக்குள் ஒருவர்பின் ஒருவராக மூவரும் போயிருக்கிறார்கள். கடைசியாகப் போனவள், முதல் இருவருக்கும் பணிவிடை செய்தவள்.

பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடையாகிவிடும் என்பதே இந்த மௌனத்தின் வேர். பரம்பரை நோய் என்று ஊர் நம்பிய வரையில் ஒரு சாவை ஒப்புக்கொள்வது மூன்று தலைமுறையின் திருமணங்களை அடைப்பதாகும். எனவே மறைத்தார்கள். மறைத்ததனால் மருத்துவரிடம் செல்லவில்லை. செல்லாததனால் அறைக்குள் இன்னும் சிலர் நோயுற்றார்கள். அவ்வாறு நோயுற்றது பரம்பரை என்ற நம்பிக்கைக்கு மேலும் சான்றாயிற்று. நோய் குருதியில் இறங்கவில்லை. அதைப் பற்றிய அச்சம்தான் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது.

கவிஞர்கள் கூடிய அவை ஆதலால் ஆங்கிலக் கவிஞர் கீட்சைச் சிலர் நினைத்திருப்பீர்கள். கவிஞனின் நோய் என்று இதற்கு ஒரு பொலிவு ஏற்பட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் கீட்சின் கதையும் குடும்பக் கதையே. 1810இல் தாய் இந்நோயால் மறைந்தார். 1818இல் தம்பி டாம் மறைந்தார். அவரைக் கடைசி வரை அருகிருந்து பேணியவர் மருத்துவம் பயின்றிருந்த கீட்சுதான். 1821இல் உரோமில் அவரும் மறைந்தார், வயது இருபத்தைந்து. நம் நாட்டிலேயே கல்கத்தாவின் தோரு தத்தை எண்ணிப் பாருங்கள். 1874இல் அக்காள் ஆரு இந்நோயால் மறைந்தாள். 1877இல் தோருவும் இருபத்தொரு வயதில் அதே நோயால் மறைந்தாள். அவர்களுக்கு முன்பே 1865இல் ஒரே மகனை இழந்திருந்த அப்பெற்றோர் பிள்ளை எவரும் இன்றி நின்றனர். தோருவின் ஆங்கிலக் கவிதைகளைப் பாடமாக வைத்திருக்கிறோம்; அவளுடைய தாயைப் பற்றி எந்த வகுப்பிலும் எவரும் கேட்டதாக நான் அறியேன்.

நம்மிடையே, இந்நோயின் பெயரைச் சுமந்தவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் கணிதமேதை இராமானுசன். 1914இல் கேம்பிரிட்சு சென்றவர் 1917இல் நோயுற்றார். காசநோய் என்று கொண்டு ஆங்கிலேய நாட்டுச் சானட்டோரியங்களில் சேர்த்தார்கள். 1919இல் தாயகம் திரும்பி, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். வயது முப்பத்திரண்டு. அவருக்கு இருந்தது காசநோய்தானா என்பதே பின்னர் ஐயத்துக்குள்ளானது. ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கக்கூடும் என்று 1994இல் டி.ஏ.பி. யங் என்னும் ஆய்வாளர் சான்றுகளுடன் எழுதினார். உண்மை எதுவாயினும், காசநோய் என்ற பெயர் அதற்குள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்திருந்தது. நான் சொல்ல விரும்புவது சானகியம்மாளைப் பற்றி. பத்து வயதில் மணமாகி, கணவருடன் உண்மையில் வாழ்ந்தது மிகச் சில ஆண்டுகள். அவற்றுள்ளும் கடைசி ஓராண்டு நோயாளிக்குப் பணிவிடை. இருபத்தொரு வயதில் கைம்பெண்ணானார். தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்து, ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து, 1994இல் மறைந்தார். எழுபத்து நான்கு ஆண்டுகள். இராமானுசனின் கணக்கேடுகளைப் பற்றி நூல்கள் குவிந்திருக்கின்றன. அந்தத் தையல் இயந்திரத்தைப் பற்றி ஒரு கவிதையாவது நம்மில் யாரேனும் எழுதியிருக்கலாம்.

இராமானுசனுக்கு இங்கிலாந்தில் மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவர் டேவிட் சௌரி முத்து என்னும் இந்திய மருத்துவர். மெண்டிப் குன்றுப் பகுதியில் சானட்டோரியம் நடத்தியவர். பின்னர்த் தாயகம் வந்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானட்டோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. சென்னைப் புறநகர் இரயிலில் செல்வோர்க்குத் 'தாம்பரம் சானட்டோரியம்' ஒரு நிலையத்தின் பெயர். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே இறங்கி ஏறுகிறார்கள். அந்தச் சொல் எதைக் குறித்தது என்று என் மாணவியர் பலருக்குத் தெரியவில்லை. ஒருத்தி அது ஒரு வெள்ளைக்காரரின் பெயர் என்று நினைத்திருந்தாள். ஒரு காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் வீட்டில் அடுப்பெரியாது. ஆந்திரத்து மதனப்பள்ளியும் கொங்கு நாட்டுப் பெருந்துறையும் அவ்வாறே அஞ்சப்பட்ட ஊர்ப்பெயர்கள். மரங்கள் சூழ்ந்த இடம், நீண்ட தாழ்வாரம், வரிசையாகக் கட்டில்கள், பால், முட்டை, அசையாத ஓய்வு. நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு தருவதற்காக விலாவினூடே காற்றைச் செலுத்தி அதைச் சுருங்க வைப்பார்கள்; சிலருக்கு விலா எலும்புகளையே எடுப்பார்கள். சிலர் தேறினார்கள் என்பது உண்மை. ஆனால் ஓராண்டு, ஈராண்டு சம்பாதிப்பவன் அங்கே கிடந்தால் வீட்டின் அடுப்பு என்னாகும் என்னும் கேள்விக்கு எந்தச் சானட்டோரியத்திலும் விடை இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டை இலக்கிய உலகம் மறக்க இயலாது. அவ்வாண்டு சூன் திங்களில் மலையாளக் கவிஞர் சங்ஙம்புழை கிருஷ்ண பிள்ளை முப்பத்தாறு வயதில் இந்நோயால் மறைந்தார். அதே ஆண்டில் அதே கேரள மண்ணில், திருவனந்தபுரத்தில், நம் புதுமைப்பித்தனும் மறைந்தார்; அவருக்கு நாற்பத்திரண்டு. திரைப்படத்துக்கு உரையாடல் எழுதப் புனே சென்றவர் நோயோடு மனைவியின் ஊருக்குத் திரும்பினார். நோயுற்ற மனைவியைக் கணவன் இருந்து பேணும் 'செல்லம்மாள்' கதையை எழுதியவர் அவர். வாழ்க்கையில் அப்பணி கமலா அம்மையாருக்கு வந்தது. கையில் சிறு பெண் குழந்தை. கமலா விருத்தாசலம் தாமும் கதை எழுதியவர். 'காசுமாலை' அவருடைய தொகுதி. கணவர் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்தன. அவற்றில் கணவரின் குரல் கேட்கிறது. கமலாவின் குரலை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலத்தின் கொடுமை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. ஐசோனியசிட் மாத்திரை 1952இல் வந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, மருந்து உலகில் இருந்தும் நம் எழுத்தாளன் கைக்கு எட்டாத இடைவெளியில் அவர் போய்ச் சேர்ந்தார். நான்கைந்து ஆண்டு தாழ்த்திருந்தால், என்று எண்ணாத தமிழாசிரியர் இருக்க மாட்டார்கள்.

அதன்பின் நடந்ததைச் சென்னை பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம், நாம்தான் சொல்லிக்கொள்வதில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அமைத்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் வழிநடத்தினார். இராமானுசன் மறைந்த அதே சேத்துப்பட்டில் இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது. அவர்கள் எழுப்பிய கேள்வி எளியது. நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைச் சானட்டோரியத்தில் வைத்தும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே வைத்தும், ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தால் என்ன ஆகும்? வீட்டில் இருந்தவர்கள் சென்னை நகரத்து ஏழைகள், நெருக்கமான குடிசைகள், சத்தான உணவு இல்லை, ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் சானட்டோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. நோய் பரவியது பெரும்பாலும் அது கண்டறியப்படுவதற்கு முந்திய நாள்களில். மருந்து தொடங்கிய பின்னர் அன்று.

இதன் பொருளை நாம் நிறுத்தி நினைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக நோயாளியைப் பிரித்து வைத்தோம்; இருட்டறைக்கும் பிறந்த வீட்டுக்கும் சானட்டோரியத்துக்கும் அனுப்பினோம். மருந்து வந்தபின் அந்தப் பிரிவு தேவையில்லை என்று சென்னைக் குடிசைகள் உலகுக்குக் காட்டின. அவ்வாய்வு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. அறைக்குள் மறைத்த நாள்களே ஆபத்தான நாள்கள் என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

ஆனால் நம் கற்பனை அதைக் கேட்கவில்லை. முடிவு வெளிவந்து இரண்டாண்டு கழித்து, 1961இல், பீம்சிங்கின் 'பாலும் பழமும்' வந்தது. மருத்துவரின் மனைவிக்குக் காசநோய். கணவரின் ஆராய்ச்சி தடைப்படக் கூடாதென்று அவள் வீட்டை விட்டே போகிறாள். பின்னர்ச் சுவிட்சர்லாந்தில் குணமடைகிறாள். நானும் அப்படத்தைப் பார்த்து அழுதவள்தான். சரோஜாதேவிக்காக அழாதவர் யார்? எனினும், சேத்துப்பட்டு வரையில் போனால் போதும் என்று அவளிடம் சொல்ல ஒருவரும் இல்லையே என்று இப்போது தோன்றுகிறது. வீட்டை விட்டுப் போகிறவளே நல்ல மனைவி என்று நோயையும் கற்பையும் ஒன்றாக முடிந்து வைத்த கதை, திரையரங்கில் இருந்த எத்தனை பெண்களை இருமலை அடக்கிக்கொள்ளச் செய்ததோ.

இன்று மருந்தை எதிர்க்கும் காசநோய் உண்டு. நோயால் ஆண்டுதோறும் இறப்போரும் இந்நாட்டில் இன்னும் பல்லாயிரவர். இருந்தாலும் சாதாரணக் காசநோய்க்கு ஆறு திங்கள் மாத்திரை போதும். அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கிறது. 2018 முதல் ஊட்ட உணவுக்கென்று திங்கள்தோறும் பணமும் தரப்படுகிறது. என் அத்தை பெயர் சொல்லிய அந்த மூவருக்கும் இதில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. அவர்களின் பெயர்களைப் பெரியப்பாவின் வமிசாவளியில், அவர் விட்டு வைத்த இடங்களில், என் கையெழுத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். நோயின் பெயரையும் எழுதினேன். வீட்டில் சிலருக்கு வருத்தம்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இரண்டு மாதம் வகுப்புக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது மெலிந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. விடுப்புக் கடிதத்தில் மஞ்சட்காமாலை என்று எழுதியிருந்தாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, "அம்மா, இன்னும் நாலு மாசம் இருக்கு. அப்பாதான் இப்படி எழுதச் சொன்னாங்க" என்றாள். கதவு திறந்தே இருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.